ரத்தத்திலிருந்தா, நுரையீரலிலிருந்தா?

நுரையீரலுக்குள் சலைன் செலுத்தி உறிஞ்சி எடுக்கும் கழுவுநீரின் அறிக்கையில் ‘ஐஜிஜி எதிர்ப்பொருள் கூடுதல்’ என்று கண்டவுடன், நுரையீரலே தொற்றை எதிர்த்துச் சுரந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த ஓர் எண் அதற்குப் போதாது. நோயற்ற நுரையீரலிலும் எதிர்ப்பொருள்கள் எப்போதும் உண்டு. எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. மூச்சுக்குழாய்ச் சுவரிலுள்ள பிளாஸ்மா செல்கள் ஐஜிஏவை அங்கேயே உண்டாக்க, எபிதீலிய செல்கள் அதை ஏற்று உட்புறம் விடுகின்றன. காற்று நுண்ணறைகளில் மேலோங்கும் ஐஜிஜியின் பெரும்பங்கோ ரத்தத்திலிருந்து வருவது. அதுவும் வெறும் கசிவு என்று சொல்லிவிட முடியாது. அல்புமினைவிட இரு மடங்குக்கு மேல் எடையுள்ள ஐஜிஜி, ஏறக்குறைய அதற்கு ஈடான விகிதத்தில் வந்து சேர்கிறது. எபிதீலியத்திலுள்ள எஃப்சிஆர்என் ஏற்பியும் ஓரளவு உள்ளூர் உற்பத்தியும் இதற்குக் கைகொடுக்கக்கூடும்.

எது எங்கிருந்து வந்தது என்று பிரித்தறியும் வேலை பிராங்கோஸ்கோபி மேசையிலேயே தொடங்குகிறது. முதல் சிரிஞ்சில் திரும்புவது பெரும்பாலும் மூச்சுக்குழாய் நீர். அடுத்தவற்றில் மேலே சர்ஃபாக்டன்ட் நுரை நின்றால் சலைன் நுண்ணறை வரை போயிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே குப்பியில் ஊற்றினால் இந்த வேறுபாடு அழிந்துபோகும். சலைன் கலப்பதால் ஏற்படும் நீர்ப்பைக் கணக்கிட 1986 முதல் யூரியா பயன்படுகிறது. சலைன் உள்ளே தேங்கும் நேரத்தில் யூரியாவும் ஊறிவருமே என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆகவே எதிர்ப்பொருளையும் அல்புமினையும் கழுவுநீரிலும் அதே நாள் சீரத்திலும் அளந்து, விகிதங்களை ஒப்பிட வேண்டும். நீர்ப்பின் சிக்கல் அதில் அடிபட்டுப் போகும்.

சீரம் மட்டும் போதாதா என்பவர்களுக்குச் சென்னையிலேயே விடை இருக்கிறது. சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் அப்போது பணியாற்றிய வி.கே. விஜயன், அமெரிக்காவின் நட்மன் குழுவினருடன் வெப்பமண்டல நுரையீரல் இயோசினோஃபிலியா நோயாளிகளின் கழுவுநீரை ஆராய்ந்தார். ரத்தத்தில் ஃபைலேரியாப் புழுவின் இளம்பருவமான மைக்ரோஃபைலேரியா பொதுவாகத் தென்படாத இந்நோயில், ஃபைலேரியாவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் நுரையீரலிலேயே உருவாவதற்கான சான்று 1989இல் வெளியானது. கசிவின் பங்கைக் கழித்துப் பார்க்காமல் அதைச் சொல்லியிருக்க முடியாது.

வடசென்னையின் டோல்கேட் வட்டாரத்தில் அந்தக் கழித்தல் இன்னும் அவசியம். கன்டெய்னர் லாரிப் புகையைச் சுவாசிக்கும் ஒருவரை எந்த அளவுகோலில் ஆரோக்கியமானவர் என்பது? சிகரெட் புகை நுண்ணறைச் சுவரின் கசிவைக் கூட்டுவது தெரிந்ததே. இந்தக் காற்றும் அப்படிச் செய்தால், வெளியூர் ஆரோக்கியர்களின் அளவு அட்டவணையோடு ஒப்பிடும்போது கசிந்த ஐஜிஜி நோயாகத் தோன்றும். ஆகவே ஒப்பிட உள்ளூர் அளவுகளே வேண்டும். அதற்காக நோயற்றவருக்குக் குழாய் செலுத்துவது அறமா என்று கேட்கலாம். இதற்கென்றே செலுத்த வேண்டாம். ஒருபக்கக் கட்டிக்காக பிராங்கோஸ்கோபிக்கு வருபவரிடம், நெறிமுறைக் குழு அனுமதியோடும் அவரது ஒப்புதலோடும் மறுபக்கத்தில் கழுவுநீர் எடுக்கலாம். அவர் முழு ஆரோக்கியர் அல்லர். ஆனால் நம் நோயாளிகள் சுவாசித்த அதே காற்றைச் சுவாசித்தவர்.