கொடைக்கானலில் ஒளிந்திருக்கும் அயலார்



1967-ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி இன்வேடர்ஸ்' என்றொரு தொடர் ஒளிபரப்பாயிற்று. தங்கள் கிரகம் அழிந்துகொண்டிருப்பதால் பூமியைப் பிடிக்க வந்த அயல்கிரகத்தார், மனித உருவம் எடுத்து நம்மிடையே உலவுகிறார்கள். டேவிட் வின்சென்ட் என்ற கட்டடக் கலைஞருக்கு உண்மை தெரியும். ஆனால் அவர் சொல்வதை யாரும் எளிதில் நம்புவதில்லை. அயலாரைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. அவர்களுள் பலருக்குச் சுண்டுவிரல் மடங்காது! நாடித்துடிப்பும் இராது. அந்தத் தொடர் 1968-இல் முடிந்துவிட்டது. ஆனால் அதே கதை இன்றுவரை புதுப்புது வேடங்களில் வந்துகொண்டிருக்கிறது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் அந்தச் சுண்டுவிரலின் மேல் எனக்குக் கோபம் உண்டு. நம் ஊரிலேயே விபத்தில் விரல் மடங்காமல் போனவர்கள் எத்தனை பேர்! உருவத்தை வைத்து அயலாரைப் பிரித்தால் முதலில் அகப்படுவது அப்பாவிகள்தாம். மனித உடல் 37 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் இருந்துகொண்டு அகச்சிவப்புக் கதிர்களை ஓயாமல் வெளிவிடுகிறது. இரத்த ஓட்டம் மிகுந்த இடம் சூடாகவும், மூக்கு நுனி சற்றுக் குளிர்ந்தும் இருக்கும். நாடியே இல்லாத ஓர் உடலில் இந்த வெப்பப் படம் வேறாகத்தான் இருக்க வேண்டும். வின்சென்ட் கையில் ஓர் அகச்சிவப்புக் கருவி இருந்திருந்தால் கதை முதல் வாரமே முடிந்திருக்கும். (தொலைக்காட்சிக்காரர்களுக்கு அது நட்டமாகியிருக்கும் என்பது வேறு செய்தி.)

சரி, அயலார் உண்மையாகவே நம்மிடையே ஒளிந்திருக்கிறார்களா? இருக்கிறார்கள். நான் அவர்களைப் பழனிமலைமேல் பார்த்தேன். பார்த்தும் பல ஆண்டுகள் அடையாளம் தெரியாமல் இருந்தேன்.

ஆண்டுதோறும் எங்கள் கல்லூரி மாணவர்களைக் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் செல்வது என் வழக்கம். ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த ஆய்வுக்கூடத்தில்தான் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் ஓர் அரிய கண்டுபிடிப்பைச் செய்தார். சூரியனின் கரும்புள்ளி ஒன்றின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தபோது, புள்ளியின் ஒரு பக்கத்தில் நிறமாலைக் கோடுகள் சிவப்பை நோக்கியும் மறுபக்கத்தில் நீலத்தை நோக்கியும் இம்மியளவு நகர்ந்திருந்தன. புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்று அவர் அறிந்தார். வினாடிக்கு 2 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 6,000 ஆங்ஸ்ட்ரம் அலைநீளத்தில் நகர்வு வெறும் 0.04 ஆங்ஸ்ட்ரம்! கண்ணுக்குத் தெரியாத ஓட்டத்தை ஒளி காட்டிக்கொடுத்துவிட்டது.

ஒருமுறை பேரிஜம் சாலையில் அடர்ந்த மரக்கூட்டம் ஒன்றைக் காட்டி, "பாருங்கள், இயற்கையான மலைக்காடு" என்று மாணவர்களிடம் பெருமையாகச் சொன்னேன். உடன் வந்த தாவரவியல் ஆசிரியர் என்னைத் தனியே அழைத்து, "சார், அது வாட்டில் மரம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது" என்றார். நீலகிரியில் சீகை மரம் என்று சொல்வார்களே, அந்த இனம்தான். சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்து மகிழும் பைன் காடோ மெக்சிகோ நாட்டு இனம். யூக்கலிப்டசும் ஆஸ்திரேலியாவினுடையதே. அன்று எனக்கு வந்த வெட்கம் இன்றும் தீரவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவை பறக்கும் தட்டில் இரகசியமாக வந்திறங்கியவை அல்ல, நாமே அழைத்தோம். தோல் பதனிட டானின் வேண்டும். நம் நாட்டு ஆவாரம் பட்டையோடு, தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டையும் வந்துகொண்டிருந்தது. நிறவெறி காரணமாக 1946-இல் அந்நாட்டோடு இந்தியா வணிகத்தை முறித்துக்கொண்டது. அந்தப் பட்டைக்கு நம் மலைகளிலேயே மரம் நட வேண்டியதாயிற்று. விறகுக்கும், செயற்கைப் பட்டுக்கான மரக்கூழுக்கும் சேர்த்து நட்டார்கள். எங்கே நட்டார்கள்? புல்வெளியில். மரமில்லாத நிலம் என்றால் வீண் நிலம் என்ற எண்ணம் வெள்ளையர் காலத்திலிருந்தே இருந்தது.

அது தவறான எண்ணம். பழனிமலையின் மேற்பகுதியில் பள்ளங்களில் சோலை, சரிவுகளில் புல் என்பதுதான் இயற்கையின் ஏற்பாடு. மனிதன் காட்டை அழித்ததால் வந்த புல் இது என்று சிலர் கருதினர். நீலகிரியின் கரிச்சதுப்பு மண்ணில் கார்பன்-13, கார்பன்-12 விகிதத்தை அளந்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கே புல் இருந்ததைக் காட்டியது. குறிஞ்சி பூப்பதும் அத்தகைய திறந்த சரிவுகளில்தான்.

இனி, ஒளி காட்டிக்கொடுத்த கதைக்கு வருகிறேன். இலையின் பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பையோ இலை பெருமளவு திருப்பி அனுப்பும். பனிக்காலம் கழிந்த வறட்சியில் புல் பழுப்பேறிக் கிடக்க, வாட்டில் பசுமையாகவே நிற்கும். ஆகவே வானிலிருந்து பார்த்தால் இரண்டின் நிறமாலையும் வேறு வேறு. லாண்ட்சாட் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களை ஒப்பிட்டு 2018-இல் வெளியான ஆய்வின்படி, 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனிமலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டது. மரத்தோட்டங்களும் விவசாயமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. எவர்ஷெட் சூரியனுக்குச் செய்ததை இவர்கள் மலைக்குச் செய்தார்கள் என்பேன். ஆனால் படம் மட்டும் போதாது. வாட்டிலையும் சோலையையும் பிரித்தறிய மலையில் நடந்து சரிபார்த்தே ஆகவேண்டும்.

அப்படியானால் அயல் மரங்களையெல்லாம் வெட்டிவிடலாமா? தொடரில் வரும் வின்சென்ட் அப்படித்தான் சொல்லுவார். நான் சொல்லமாட்டேன். முதலாவதாக, வெளியிலிருந்து வந்ததே குற்றம் என்றால் கொடைக்கானல் உருளைக்கிழங்கும் பேரிக்காயும் குற்றவாளிகளே. உருளைக்கிழங்கு தன் பாத்தியை விட்டுத் தானாகச் சரிவேறிப் போவதில்லை, வாட்டில் போகிறது. பிறந்த ஊரைக் கேளாதீர்கள், நடத்தையைக் கேளுங்கள். இரண்டாவதாக, வாட்டிலின் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கும். தீப்பட்டால் கூட்டமாக முளைக்கும். மரத்தைச் சாய்த்துவிட்டுத் திரும்பி வந்தால் ஒன்றுக்கு நூறு நிற்கும். மூன்றாவது செய்திதான் என்னை வியக்க வைத்தது. முதிர்ந்த வாட்டில் தோப்புகளின் நிழலில், பக்கத்துச் சோலையிலிருந்து பறவைகள் கொண்டுவந்த விதைகள் முளைத்துச் சோலைக் கன்றுகள் எழுந்து நிற்கின்றன! எதிரியின் வீட்டிலேயே நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். அங்கே இயந்திரத்தை விட்டால் கன்றுகளும் போய்விடும்.

ஆகவே என் கருத்து இது. எஞ்சியிருக்கும் புல்வெளியை முதலில் காக்கவேண்டும். அதன் ஓரத்தில் முளைக்கும் இளங்கன்றுகளை ஆண்டுதோறும் வேரோடு பிடுங்கவேண்டும். சோலையை ஒட்டிய பழைய தோப்புகளைப் பொறுமையாக விட்டுவைக்கலாம். இது செலவு குறைந்த வேலை, ஆனால் சலிப்பூட்டும் வேலை. பெரிய மரங்களை வீழ்த்துவதுதான் புகைப்படத்துக்கு அழகு; அதனால் அதுவே முதலில் நடந்துவிடுமோ என்பது என் அச்சம்.

பிப்ரவரி மாதத்தில் மன்னவனூர்ப் பக்கம் போக வாய்த்தால் ஒரு சரிவின் எதிரே சற்று நேரம் நில்லுங்கள். பழுப்பாகக் கிடப்பது புல். அதன் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சைப் புள்ளிகள் தெரியும். அருகில் சென்று அவை வாட்டில் கன்றுகள்தாமா என்று பார்த்து, எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். 2018-இல் பூத்த குறிஞ்சி மீண்டும் 2030-இல் பூக்கவேண்டும். அப்போது அதே இடத்தில் நின்று இன்னொரு முறை எண்ணுங்கள்.