ஒரு முட்டை, ரெண்டு டபரா: இருவருக்கான பரங்கிக்காய் புட்டிங்

"கால் கிலோவா? ஒரு பத்தை வெட்டினாலே அரை கிலோ வரும் சார். மீதியை நான் யார் தலையில கட்டுறது?"

மேற்கு தாம்பரம் சண்முகம் சாலை மார்க்கெட்டில் அந்தக் காய்கறிக்கார அம்மா கேட்டதில் தப்பில்லை. பரங்கிக்காய் கூட்டுக் குடும்பத்துக்கென்றே காய்க்கிற காய். பொங்கலுக்குக் கூட்டு, கல்யாண வீட்டில் சாம்பார் என்றால் முழுக்காயும் போன இடம் தெரியாது. வீட்டில் இரண்டே பேர் என்றால் ஒரு பத்தையே நாலு நாள் ஃப்ரிட்ஜில் கிடந்து காயும்.

சேலையூரிலிருந்து வந்து, ஸ்டேஷன் நடைமேம்பாலம் ஏறி இறங்கி மார்க்கெட்டுக்குள் நுழைந்திருந்த அவர், வேறு வழியில்லாமல் அரை கிலோ பத்தையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வயது 67. சமையலறையில் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை காபி டிகாக்‌ஷன் இறக்குவது. அப்படிப்பட்டவர் ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாகப் பரங்கிக்காய் வாங்குகிறார்.

காரணம், வீட்டம்மாவின் பல். கீழ்வரிசையில் நாலு பல்லை எடுத்தாயிற்று. புண் ஆறி, பல் செட் கட்டும் வரை மெல்லக் கூடாது. மூன்று வாரமாகக் கஞ்சி, குழைந்த ரசம் சாதம், பாலில் ஊறிய இட்லி. "எதைச் சாப்பிட்டாலும் ஒண்ணுபோலவே இருக்குங்க" என்று பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறார். எடை மூன்று கிலோ இறங்கிவிட்டது. நாற்பது வருடம் விதவிதமாகச் சமைத்துப் போட்டவருக்கு, தனக்கென்று ஏதாவது செய்துகொள்ளத் தோன்றவில்லை. "ரெண்டு பேருக்கு எதுக்கு மெனக்கெடணும்?" என்பதுதான் பதில். பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட எத்தனையோ வீடுகளில் சமையல் சுருங்குவது இந்த ஒரு கேள்வியில்தான்.

போன நவம்பரில் அமெரிக்காவில் இருக்கும் மகள் தேங்ஸ்கிவிங் விருந்துப் படம் அனுப்பியிருந்தாள். அதில் ஒரு தட்டில் பரங்கிக்காய் பை. உள்ளே இருப்பது பல்லே தேவைப்படாத பதம் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை, இப்போது தோன்றியது. போன் போட்டார்.

"அது எட்டுப் பேருக்கான அளவுப்பா. கால்வாசியாக்கிக்குங்க. மேல்மாவு வேணாம், உள்ளே இருக்கறது மட்டும் போதும்."

கால்வாசிக் கணக்கில்தான் சிக்கல் ஆரம்பித்தது. எட்டுப் பேருக்கு இரண்டு முட்டை என்றால் இரண்டு பேருக்கு அரை முட்டை. உடைத்து, அடித்து, எடை போட்டுப் பாதியை ஊற்றினார். மகள் இங்கே இருந்தபோது வாங்கிய ஓடிஜி அடுப்போடு வந்த பெரிய வட்டத் தட்டிலேயே கலவையைப் பரப்பினார். நடுவே ரப்பர், ஓரமெல்லாம் கருகல். "என்னங்க, ஊத்தப்பமா?" என்றார் வீட்டம்மா.

பாத்திரம்தான் தவறு. அளவைக் குறைத்தால் பாத்திரத்தையும் குறைக்க வேண்டும். ஆனால் அதற்குக் கணக்கு வேறு. 8 இன்ச் வட்டத் தட்டுக்கான மாவைப் பாதியாக்கினால் 4 இன்ச் தட்டில் ஊற்ற முடியாது, பொங்கி வழியும். 4 இன்ச் தட்டின் பரப்பு கால் பங்குதான். ஏறக்குறைய 6 இன்ச் தட்டுதான் பாதி. நேரமும் அப்படித்தான். பாதி அளவு, பாதி நேரம் என்று எந்த அடுப்பும் ஒப்புக்கொள்ளாது. ஆழம் எவ்வளவோ அதைப் பொறுத்தே நேரம்.

இரண்டாவது முறை சின்னக் கிண்ணங்கள். இந்தத் தடவை காயைக் குக்கரில் ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு வேகவைத்து அரைத்தார். வெந்து வந்ததில் ஸ்பூனை வைத்ததும் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கியது. சாப்பாட்டு மேஜையில் கன்னத்தில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தவர் அப்போதுதான் வாய் திறந்தார்.

"பரங்கிக்காயே தண்ணிக்காய். அதுக்கு மேல ஒரு டம்ளர் தண்ணியா? இட்லித் தட்டுல ஆவில வைங்க. துணியில பிழிங்க. அப்புறம் நெய் விட்டு வதக்குங்க, அல்வாவுக்குப் பண்ற மாதிரி."

முட்டைக்கான வழியை அவரே கண்டுபிடித்தார். பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து யோசித்தால், பட்டியலில் பிரிக்கச் சிரமமான சாமான் முட்டை ஒன்றுதான். காய், வெல்லம், பால் எல்லாம் சொன்னபடி கேட்கும். அப்படியானால் எட்டுப் பேரிலிருந்து கீழே இறங்கி வருவானேன்? ஒரு முழு முட்டையை வைத்துக்கொண்டு, அதற்குத் தக்கபடி மற்றதை அமைத்தால் போயிற்று. வீட்டில் காபி டபரா ஒன்று 150 மில்லி பிடிக்கிறது. இரண்டு டபரா, 300 மில்லி. அதற்குள் ஒரு முட்டை. கணக்கு முடிந்தது.

இது புட்டிங்குக்கு மட்டுமான வழி இல்லை. கேக்குக்கும் பொருந்தும். ஓடில்லாத ஒரு முட்டை சுமார் 50 கிராம். அதே எடைக்கு மைதா, வெண்ணெய், சர்க்கரை, ஒரு சிட்டிகை பேக்கிங் பவுடர் எடுத்தால் இருவருக்கான கேக் வந்துவிடும்.

தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் பரங்கிமலையைத் தாண்டாமல் போக முடியாது. பரங்கியர் இருந்த மலை பரங்கிமலை. பரங்கியர் கொண்டுவந்த காய் பரங்கிக்காய் என்பார்கள். காயின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். 1796-ல் அங்கே வெளிவந்த அமீலியா சிம்மன்ஸின் சமையல் புத்தகத்திலேயே பரங்கிக்காய் புட்டிங் இருக்கிறது. மகள் அங்கே டின்னில் வாங்கும் விழுதும் பெரும்பாலும் நம் ஊர்ப் பரங்கிக்காயின் இனமேதான். எனவே இறக்குமதி டின்னைத் தேடி சூப்பர் மார்க்கெட் சூப்பர் மார்க்கெட்டாக அலைய வேண்டியதில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2 ரகம் ஒன்றரை முதல் இரண்டு கிலோவுக்குள் காய்க்கிறது. சின்னக் குடும்பத்துக்கு அந்த அளவுக் காய் கண்ணில் பட்டால் விடாதீர்கள்; முழுதாக இருந்தால் வாரக்கணக்கில் கெடாது. பத்தையாக வாங்கினால், சதை ஆழ்ந்த ஆரஞ்சு நிறமாக, நகத்தால் கீறினால் நீர் கசியாமல் இருக்க வேண்டும்.

மகள் சொன்ன அளவில் டின் பால். இங்கே வெல்லம் போட ஆசை. சூடான பாலில் வெல்லம் விழுந்தால் திரியும் என்பது பாயசம் வைத்தவர்களுக்குத் தெரியும். அதனால் பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால். காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளிலும் இலங்கையிலும் செய்கிற வட்டலப்பம் தேங்காய்ப்பால், வெல்லம் அல்லது கருப்பட்டி, முட்டை மூன்றும் சேர்ந்ததுதானே? அதற்குள் பரங்கிக்காய் வந்து உட்கார்ந்தால் அதுதான் இந்த புட்டிங்.

தேவையானவை: தோலோடு 350 கிராம் பரங்கிக்காய், ஒரு முட்டை, பொடித்த வெல்லம் 45 கிராம், கெட்டியான முதல் தேங்காய்ப்பால் 80 மில்லி (ஒரு மூடித் தேங்காய் போதும்), நெய் ஒரு டீஸ்பூன், ஏலக்காய்த்தூள், சுக்குத்தூள் தலா கால் டீஸ்பூன், துருவிய ஜாதிக்காய் இரண்டு சிட்டிகை, உப்பு ஒரு சிட்டிகை.

காயைத் தோல் சீவி, விதை நீக்கி, துண்டுகளாக்கி இட்லித் தட்டில் 15 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். ஆறியதும் மெல்லிய துணியில் கட்டி மெதுவாகப் பிழியுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம், ரசத்தில் சேரட்டும். காயை மிக்ஸியில் அரைத்து, நெய்யில் ஐந்தாறு நிமிடம் வதக்கினால் வாணலியில் ஒட்டாமல் திரண்டு வரும். இதில் 120 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடுதலாக இருந்தால் சர்க்கரை தூவிச் சாப்பிட்டுவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை.

வெல்லத்தை இரண்டு ஸ்பூன் வெந்நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். சூடாக இருந்தால் முட்டை அங்கேயே வெந்து பொரியலாகிவிடும். முட்டையை நுரை வராமல் கலக்கி, வெல்லம், தேங்காய்ப்பால், காய் விழுது, பொடிகள், உப்பு சேர்த்து ஒரு முறை வடிகட்டுங்கள். வடிகட்டுவதை விட்டுவிடக் கூடாது. முட்டையின் வெள்ளை நரம்பு அதில்தான் தங்கும்.

டபராக்களில் நெய் தடவி ஊற்றுங்கள். ஆழமான தட்டில் மடித்த துணி போட்டு, மேலே டபராக்களை வைத்து, பாதி உயரத்துக்கு வெந்நீர் ஊற்றுங்கள். ஸ்டீல் சீக்கிரம் சூடேறும். இந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் நடு வேகும் முன் ஓரம் கெட்டியாகிவிடும். பத்து நிமிடம் முன்பே சூடாக்கிய ஓடிஜியில் 160 டிகிரியில் 35 நிமிடம். அசைத்தால் ஓரம் நின்று நடுப்பகுதி மட்டும் லேசாக ஆட வேண்டும், அப்போது எடுத்துவிடுங்கள். ஆறும்போது மீதியும் இறுகிவிடும். ஓடிஜி இல்லாத வீட்டில் தட்டு போட்டு மூடி இட்லிப் பாத்திரத்தில் சிறு தீயில் 25 நிமிடம் வைத்தாலும் சரி. முட்டை சேர்க்காதவர்கள் ஒன்றரை டேபிள்ஸ்பூன் சோளமாவைக் கலந்து அடுப்பிலேயே கிளறிக் கெட்டியாக்கலாம். பேக்கிங் ஆகாதுதான், ருசிக்குக் குறையில்லை.

சூடாகச் சாப்பிட்டால் முட்டைதான் முன்னால் நிற்கும். ஃப்ரிட்ஜில் மூன்று மணி நேரம் இருந்தால்தான் காயும் வெல்லமும் பேசும். இரண்டு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். ஒரு டபராவுக்கு 22 கிராம் வெல்லம் போகிறது. வெல்லம்தானே என்று சர்க்கரை நோய் உள்ளவர்கள் இரண்டையும் காலி செய்துவிடக் கூடாது.

மூன்றாவது முறை செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர்களுக்கு 40-வது கல்யாண நாள். இரண்டு டபராவும் மேஜைக்கு வந்தன. வீட்டம்மா ஸ்பூனால் ஓரத்தில் கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். அப்புறம் பேச்சே இல்லை. அடி டபராவைச் சுரண்டும் சத்தம்தான் கேட்டது.

"சுக்கு கொஞ்சம் தூக்கலா இருக்குங்க. அடுத்த தடவை பாதி போடுங்க."

அவர் பேப்பரை எடுத்துச் சுக்குத்தூளுக்கு நேரே 'அரைக்கால்' என்று திருத்திக்கொண்டார்.

"அரை கிலோ வாங்கினீங்களே, மிச்சப் பத்தை எங்கே?"

"ஃப்ரிட்ஜுல இருக்கு."

"நாளைக்கு நான் பால் கூட்டு வைக்கிறேன். நல்லாக் குழைச்சா எனக்கும் ஆகும்."