வாக்கும் மனச்சான்றும்



தமிழில் 'வாக்கு' என்னும் சொல் நாம் கொடுக்கும் உறுதிமொழியையும் குறிக்கும். தேர்தலில் நாம் அளிக்கும் ஆதரவையும் குறிக்கும். இவ்விரண்டும் தம்முள் முரணும்போது நல்லோரும் திகைப்பர்.

தாயகத்தில் நிகழ்ந்தவற்றை நோக்குவோம். 2009-ஆம் ஆண்டுத் திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பின் வாக்குக்குப் பணம் என்பது ஊரறிந்த பேச்சாயிற்று. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே. நகரிலும், 2019-இல் வேலூரிலும் பணப்புழக்கம் காரணமாகத் தேர்தலே நிறுத்தப்பட்டது. பணம் பெற்றவருள் பலர், "கை நீட்டி வாங்கிவிட்டோமே, மாறினால் துரோகமன்றோ?" என்று அஞ்சித் தம் உள்ளம் ஒப்பாதவருக்கே வாக்களிக்கின்றனர். நன்றி மறவாமை நற்பண்பே. ஆயினும், கொடுப்பதும் வாங்குவதும் ஒருங்கே குற்றமெனச் சட்டம் கூறுகின்றது. குற்றத்தை முடித்துத் தருவதாகச் செய்த உறுதி எவரையும் கட்டாது. "வாங்கிக்கொண்டு வேறொருவருக்கு அளிப்பேன்" என்பதும் நேர்மையாகாது. அது ஒரு பிழையை மற்றொரு பிழையால் மூடுவதே. வாசலிலேயே மறுத்துவிடுவதுதான் நேரிய வழி.

இனி நம் தீவுகளுக்கு வருவோம். பாராளுமன்றத்தில் நமக்குள்ளது ஓர் இடமே. சட்டமன்றமோ இங்கு இல்லை. ஆகவே கட்சி பிடித்தால் வேட்பாளர் பிடிப்பதில்லை. வேட்பாளர் பிடித்தால் கட்சி பிடிப்பதில்லை. இருவகைக் குறைகளையும் சீர்தூக்கி, குறை குறைந்தவரைத் தேர்வது மனச்சான்றுக்கு மாறானதன்று. நம் மொழி பேசுபவர் என்பதொன்றையே தகுதியாகக் கொள்வதுதான் தவறு. எவரையும் ஏற்க இயலாதவர்க்கு, 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பயனாக 'நோட்டா' என்னும் பொத்தான் கிடைத்துள்ளது. ஆனால் பாராளுமன்றத் தேர்தலில் அது எத்துணை வாக்குப் பெறினும், வேட்பாளருள் மிகுதியாகப் பெற்றவரே வென்றவராவார். இதனை அறிந்தே அதனை அழுத்துதல் வேண்டும்.

குடிபெயர்ந்து வாழும் நமக்கே உரிய சோதனை ஒன்றும் உண்டு. சொந்த ஊர்ப் பட்டியலிலும் பெயர், இங்கும் பெயர். ஊர்ப்பற்றினால் இதனைப் பலர் பெரிதாக எண்ணுவதில்லை. ஒருவர் ஒரு தொகுதிக்கு மேற்பட்ட பட்டியலில் இடம்பெறலாகாது என்பது 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். வழக்கமாக வசிக்கும் இடத்தில் பெயரை நிறுத்தி, மற்றதை நீக்குமாறு விண்ணப்பித்தலே முறை. ஊரின்மேல் உள்ள அன்பைக் காட்டப் பொங்கலும் திருவிழாவும் போதும்.

1967 வரையில் நம் உறுப்பினரைக் குடியரசுத் தலைவரே நியமித்து வந்தார். அவ்வாண்டில்தான் மக்கள் முதன்முறையாகத் தாமே வாக்களித்துத் தேர்ந்தனர். 2019-இல் நம் தொகுதியின் வெற்றி 1,407 வாக்குகளில் தீர்மானமாயிற்று. இரண்டு மூன்று வாக்குச்சாவடிகளில் அடங்கிவிடும் தொகை அது! "என் ஒருவன் வாக்கினால் என்ன ஆகும்?" என்று கேட்போர் இந்த எண்ணை நினைவிற் கொள்வாராக. தேர்தல் நாளன்று திரைக்குப் பின்னே எவரும் நம்மைக் காண்பதில்லை. நம்மை நாமே காணும் இடம் அது.