பதின்பருவத்தினரின் மன உளைச்சல்: பொறுப்பேற்பது யார்?

புதுதில்லி: மாணவர் தற்கொலைகள் குறித்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போது, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரமும் மத்திய அரசுத் திட்டங்களின் பட்டியலும் பதிலாகக் கிடைப்பது வழக்கம். திட்டங்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது, உயிரிழப்புகளும் குறையவில்லை.

2001-ல் 5,425-ஆக இருந்த மாணவர் தற்கொலைகள் 2022-ல் 13,044-ஆகவும், 2023-ல் 13,892-ஆகவும் உயர்ந்துள்ளன. இதற்குத் தேர்வையும் கோட்டா போன்ற பயிற்சி மைய நகரங்களையும் மட்டுமே காரணமாகக் கூறும் போக்கு தில்லியில் நிலவுகிறது. தேர்வுத் தோல்வியால் 2022-ல் 2,248 பேர் உயிரை மாய்த்துக் கொண்டது உண்மையே. ஆனால், 18 வயதுக்குட்பட்டோரின் தற்கொலைக்கான காரணங்களில் குடும்பப் பிரச்னைகளே முதலிடம் வகிக்கின்றன என்பதையும் அதே காப்பகத்தின் ஆவணங்கள் காட்டுகின்றன. தேர்வு என்பது பல நேரங்களில் கடைசிச் சுமையே தவிர, ஒரே சுமை அல்ல.

உடலும் மனமும்: சிறு வயதில் அடி, வசவு, பாலியல் துன்புறுத்தல், வீட்டில் வன்முறை ஆகியவற்றை அனுபவித்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் மட்டுமன்றி, இருதய நோய், நுரையீரல் நோய் போன்றவையும் கூடுதலாகக் காணப்படுவதை 1998-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. இத்தகைய அனுபவங்களின் வகைகள் கூடக்கூடப் பாதிப்பும் கூடுவதே அதன் முக்கிய முடிவு. ஓயாத பதற்றம் உறக்கத்தையும் பசியையும் கெடுக்கிறது. தலைவலி, வயிற்றுவலி என்று பள்ளிக்கு விடுப்பு எடுக்கும் பிள்ளையின் உள்ளக் குமுறலை வலி மாத்திரை தீர்த்துவிடாது.

இந்தியாவில் இத்தகைய அனுபவங்கள் அரிதானவை அல்ல. மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தி, 2007-ல் வெளியிட்ட ஆய்வில், மூவரில் இருவர் உடல்ரீதியான துன்புறுத்தலுக்கு ஆளானதாகத் தெரியவந்தது. 53.22 சதவீதம் பேர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகக் கூறினர். இதன் எதிரொலியாகப் போக்சோ சட்டம் 2012-ல் வந்தது. குற்றவாளியைத் தண்டிக்க வழி பிறந்தது. ஆனால், பாதிக்கப்பட்ட குழந்தை வளரிளம் பருவத்தை எட்டும்போது அதன் உடலையும் மனதையும் தொடர்ந்து கவனிக்கும் ஏற்பாடு அதே அளவுக்கு வலுப்பெறவில்லை.

சட்டத்திலும் இடைவெளி உள்ளது. உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்யும் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது. பொதுத் தேர்வும் நுழைவுத் தேர்வும் நெருக்கும் 15 முதல் 17 வயது வரையிலானோர் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றனர்.

ஆள் பற்றாக்குறை: 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயது வரையிலானோரில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலக் குறைபாடு இருந்தது. ஒரு லட்சம் பேருக்கு 3 மனநல மருத்துவர்கள் தேவைப்படும் நிலையில் 0.75 பேரே இருப்பதாக நாடாளுமன்றச் சுகாதார நிலைக்குழு 2023-ல் சுட்டிக்காட்டியது.

திட்டங்களுக்குக் குறைவில்லை. சுகாதார அமைச்சகத்தின் தேசிய வளரிளம் பருவத்தினர் நலத் திட்டம் 2014-லும், கல்வி அமைச்சகத்தின் மனோதர்ப்பண் 2020-லும், 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெற உதவும் டெலி-மானஸ் 2022-லும் தொடங்கப்பட்டன. பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கல்வி பொதுப் பட்டியலில் இருக்கிறது. குழந்தைப் பாதுகாப்பு மூன்றாவது அமைச்சகத்திடம் இருக்கிறது. வளரிளம் பருவத்தினரின் துயரத்துக்கு ஒட்டுமொத்தமாகப் பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் என்று ஒருவரும் இல்லை.

இந்த வெற்றிடத்தில்தான் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்ற 17 வயது மாணவி 2023-ல் இறந்தது தொடர்பான வழக்கில், நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு 2025 ஜூலை 25-ல் 15 வழிகாட்டு நெறிமுறைகளை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் நிறுவனங்களில் தகுதி வாய்ந்த ஆலோசகர் ஒருவரேனும் இருக்க வேண்டும். மதிப்பெண் அடிப்படையில் மாணவர்களைப் பிரிக்கக் கூடாது. பலர் முன்னிலையில் அவமானப்படுத்தக் கூடாது என்பன அவற்றுள் சில. உரிய சட்டம் இயற்றப்படும் வரை இவை நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும்.

இந்த உத்தரவு கல்விக்கூடத்தின் வாசல் வரையே செல்லும். வீட்டுக்குள் அடிபடும் சிறுவனையும், துன்புறுத்தலை வெளியே சொல்ல அஞ்சும் சிறுமியையும் முதலில் அடையாளம் காணக்கூடியவர்கள் ஆசிரியரும் கிராமச் சுகாதாரப் பணியாளரும்தான். அவர்களுக்குப் பயிற்சி, ஆலோசகர் பணியிடங்களுக்கு நிதி, 18 வயது வரையிலான மாணவர்களுக்குத் தண்டனையிலிருந்து பாதுகாப்பு ஆகிய மூன்றும் நீதிமன்ற உத்தரவால் மட்டும் கைகூடுபவை அல்ல. தற்கொலை இறப்பு விகிதத்தை 2030-க்குள் 10 சதவீதம் குறைப்பதாக 2022-ல் அறிவித்த தேசிய உத்திக்கு எஞ்சியிருக்கும் காலம் குறைவு. சட்டம் இயற்றும் அதிகாரமும், நிதி ஒதுக்கும் அதிகாரமும் உள்ள அவை, புள்ளிவிவரங்களைக் கேட்டுப் பெறுவதோடு நின்றுவிடலாகாது.