சங்கத்துக்குள்ளே ஓட்டுப்பெட்டி எங்கே?

சென்னையில் எந்த பஸ் டெப்போவுக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது சங்க போர்டுகள்தான். கட்சிக்கு ஒரு போர்டு, போர்டுக்கு ஒரு தலைவர். தொழிலாளி மட்டும் ஒருத்தன்தான்!

1918 ஏப்ரல் 27-ல் பி அண்டு சி மில் தொழிலாளர்களுக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது இருந்தது ஒரே போர்டு. தலைவர் பி.பி.வாடியா வெளி ஆள். துரை முன்னால் நின்று பேசினால் வேலை போய்விடும் என்ற காலம் அது. வெளி ஆள் வந்தது நியாயம்.

பிறகு நடந்தது வேறு. 1964-ல் கம்யூனிஸ்ட் கட்சி உடைந்தது, 1970-ல் ஏ.ஐ.டி.யு.சி.யிலிருந்து பிரிந்து சி.ஐ.டி.யு. வந்தது. அதே வருஷம் தி.மு.க.வுக்கு தொ.மு.ச. பேரவை. 1972-ல் அ.தி.மு.க. பிறந்தது, பின்னாலேயே அதற்கும் ஒரு சங்கம். இதில் எந்தப் பிளவாவது கூலித் தகராறில் வந்ததா? இல்லை. தலைவர்கள் பிரிந்தார்கள், தொழிலாளியின் சந்தா ரசீதும் பிரிந்தது.

ஆட்சி மாறினால் ரசீதை மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. நல்ல ரூட், பக்கத்து டெப்போவுக்கு டிரான்ஸ்பர்... குடும்பம் இருக்கிறதே!

சங்கத்துக்குள்ளே எப்படி? பல இடங்களில் நிர்வாகிகள் பட்டியல் கட்சி ஆபீசில் தயாராகிறது. பொதுக்குழுவில் அதை வாசிப்பார்கள், கைதட்டுவார்கள், "ஏகமனதாகத் தேர்வு" என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள். போட்டி போட நினைத்தவன் மறுநாளே எதிர் கோஷ்டி! நிர்வாகிகளின் பதவிக்காலம் 3 வருஷத்துக்கு மேல் கூடாது என்று 2001-லேயே சட்டம் திருத்தினார்கள். நாற்காலி தேய்ந்ததே தவிர ஆள் மாறவில்லை.

ரயில்வேயில் 2007-லும் 2013-லும் ரகசிய ஓட்டு நடந்தது. அடுத்த ஓட்டு 11 வருஷம் கழித்து, 2024 டிசம்பரில்தான். அதுகூட எந்தச் சங்கம் என்று கேட்கிற ஓட்டு. அந்தச் சங்கத்துக்கு யார் தலைவர் என்று கேட்கிற ஓட்டு அல்ல.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுச் சட்டம் அமலில் இருக்கிறது. 51 சதவீதம் பேர் ஆதரவு உள்ள சங்கம் இருந்தால் அது மட்டும்தான் நிர்வாகத்தோடு பேசும். அதாவது, ஒரு சங்கம் கையெழுத்துப் போட்டால் மற்ற 49 பேர் சம்பளமும் அதில் அடக்கம். கையெழுத்துப் போடுகிறவரை யார் தேர்ந்தெடுத்தது என்று இப்போதாவது கேட்கவேண்டாமா?

ஓட்டுப்பெட்டிக்குப் பெரிய செலவில்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட் பக்கம் ஒரு மேஜை, பூட்டுப் போட்ட ஒரு பெட்டி, எண்ணும்போது எல்லா கோஷ்டியிலிருந்தும் ஒரு ஆள். பணம்? அதற்குத்தான் மாதா மாதம் சந்தா வாங்குகிறார்களே!