ஆயிரம் ரூபா போட்டோஷொப் வேண்டாம், பிள்ளைக்கு எதைக் கொடுப்பது?



ஓஎல் பரீட்சை முடிந்த கையோடு ஒவ்வொரு வருடமும் எங்களிடம் வரும் கேள்வி இது. போன கிழமை அஸர் தொழுதுவிட்டுப் பள்ளியால் இறங்கும்போது ஒரு வாப்பா மறித்துக் கேட்டார்.

"சேர், மகன் சோதனை எழுதிட்டு சும்மாதான் இரிக்கான். போட்டோ எடிட்டிங் பழகப் போறானாம். கொமியூனிகேஷன்ல ஆயிரம் ரூபாக்கு போட்டோஷொப் போட்டுத் தாறாங்களாம். போடட்டா?"

"போட வேணாம்" என்று சொன்னோம். "ஏன் சேர்?" என்றார். நின்ற இடத்தில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், ஆனால் வீட்டில் அந்த வயதுப் பிள்ளை இருந்தால் கடைசி வரை வாசியுங்கள்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன்னர் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு பெனர் செய்ய வேண்டியிருந்தது. பாடசாலை லெப்டொப்பில் இதே மாதிரி கிரெக் பண்ணிய போட்டோஷொப் ஒன்றைப் போட்டோம். போட்டது வேறு யாருமல்ல, கல்வியியற் கல்லூரியில் படித்துவிட்டு வந்த நாங்கள்தான். பெனர் அழகாக வந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு கிழமை கழித்து லெப்டொப்பைத் திறந்தால் எந்த ஃபைலும் திறக்கவில்லை. எல்லாப் பெயர்களுக்கும் பின்னால் புரியாத எழுத்துகள். காசு அனுப்பினால் திறந்து தருவோம் என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. அதைத்தான் ரென்சம்வெயர் என்கிறார்கள்.

தவணைப் புள்ளிகளை ஆசிரியர்களின் கொப்பிகளைப் பார்த்து இரவிரவாகத் திரும்பவும் ஏற்றினோம். படங்களை ஏற்ற முடியவில்லை. பத்து வருடப் படங்கள். எங்களோடு படிப்பித்து மௌத்தான ஓர் ஆசிரியரின் மகன் சில மாதங்களுக்குப் பிறகு வந்து, "வாப்பாட பிரியாவிடைப் படம் இரிக்கா சேர்?" என்று கேட்டார். கொடுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பெனர் செய்ய மிச்சம் பிடித்த காசு அந்த நேரம் எங்களுக்கு ஞாபகம் வந்தது.

கிரெக் போடும்போது முதல் வேலையே அன்டிவைரஸை நிற்பாட்டச் சொல்வதுதான். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு கதவைத் திறந்து வை என்று ஒருவன் சொன்னால் திறப்போமா? கொம்பியூட்டரில் மட்டும் திறக்கிறோம்.

அடுத்தது ஹலால் ஹராம் விஷயம். நாங்கள் மௌலவிமார் இல்லை, ஃபத்வா சொல்ல வரவில்லை. ஆனால் 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, ஆக்கவுரிமையும் கண்டுபிடிப்பு உரிமையும் ஷரீஅத் பாதுகாக்கும் உரிமைகள், அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானம் எடுத்திருக்கிறது. நமது நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டமும் கணினி மென்பொருளைப் பாதுகாக்கிறது. மற்றவனுடைய பொருளைக் கேட்காமல் எடுக்காதே என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிட்டு, பின்னேரம் அதே பிள்ளைக்கு கிரெக் போட்டுக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

சரி, வேறு எதைப் போடுவது? "எது நல்ல சொஃப்ட்வெயார்" என்று கேட்பதை விட, "மகன் என்ன செய்யப் போகிறார்" என்று கேட்பதுதான் நல்லது.

போனில் எடுத்த படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, வளைந்திருப்பதை நேராக்கி, ஓரத்தை வெட்டுவது மட்டும்தான் வேலை என்றால் ஸ்னெப்சீட் போதும். கூகிளுடையது, இலவசம். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதற்கு மேல் தேவையே இல்லை.

பள்ளிவாசல் அறிவித்தல், பாடசாலை போஸ்டர், கடை விளம்பரம் என்றால் கன்வா. இலவசமாகக் கிடைப்பதே போதும். ஆசிரியர்களுக்கு கல்விக்கான கன்வாவே இலவசம், விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளுங்கள். ஒரு குறை, பெரும்பாலும் டேட்டா தேவைப்படும். இன்னொரு குறை, ஆயத்தமான அச்சில் எழுத்தை மாற்றுவதோடு பிள்ளையின் கற்றல் நின்றுவிடும்.

தொழிலாகப் பழக வேண்டும் என்றால் ஜிம்ப். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு மாணவர்கள் 1995இல் தொடங்கியது. இன்று வரை முழுக்க இலவசம், கிரெக் தேவையே இல்லை. 2025இல் 3.0 பதிப்பு வந்திருக்கிறது. இப்போதைய போட்டோஷொப்புக்கு குறைந்தது 8 ஜிபி ரெம் வேண்டும். நமது வீடுகளில் இருக்கும் பழைய 4 ஜிபி லெப்டொப்பில் ஜிம்ப் சமாளித்து ஓடும். அதையும் போட முடியாதவர்கள் போட்டோபீயைப் பாருங்கள். குரோமிலேயே திறக்கும், எதுவும் இன்ஸ்டோல் பண்ணத் தேவையில்லை, போட்டோஷொப் ஃபைலையும் திறக்கும். பக்கத்தில் விளம்பரம் வரும், அவ்வளவுதான்.

தமிழ் எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைகளில் இன்னும் பாமினியில்தான் அடிக்கிறார்கள். பழைய போட்டோஷொப்பில் யுனிகோட் தமிழ் அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஜனாஸா அறிவித்தலில் மௌத்தானவருடைய பெயரே உடைந்து வந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஜிம்பில் யுனிகோட் தமிழ் ஒழுங்காக வரும். போனில் அடித்ததை அப்படியே கொப்பி பண்ணிப் போடலாம்.

"சேர், கடையில வேலைக்குப் போனா போட்டோஷொப் தெரியுமான்டுதானே கேக்குறாங்க?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. போட்டோஷொப் நல்ல சாமான்தான், 1990இல் இருந்து வளர்ந்து வந்தது. சில வேலைகளில் ஜிம்பை விடக் கெட்டி. அச்சகம் கேட்கும் சிஎம்வைகே நிறத்தில் ஜிம்ப் நேரடியாக வேலை செய்யாது. இதையெல்லாம் மறைக்கத் தேவையில்லை. ஆனால் லேயர், மாஸ்க், செலக்ஷன், கேர்வ்ஸ் எல்லாம் இரண்டிலும் ஒரே கருத்துகள்தான். பட்டன் இருக்கும் இடம் மட்டும் மாறும். ஒரு மோட்டர் சைக்கிளில் பழகியவனுக்கு மற்றதில் ஏறப் பழக எத்தனை நாள் தேவை? உழைக்கத் தொடங்கியதும் அந்த உழைப்பிலேயே மாதக் கட்டணம் கட்டி போட்டோஷொப்பை எடுக்கட்டும். அந்தக் காசில் பரக்கத் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

எதை எடுத்தாலும் மூன்று பழக்கங்களை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். ஒன்று, அசல் படத்தில் கை வைக்காமல் பிரதி எடுத்து அதில் வேலை செய்வது. ஜேபெக் படத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தி சேவ் பண்ணினால் ஒவ்வொரு முறையும் தரம் குறையும். இரண்டு, நல்ல படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பும்போது டொகியூமென்டாக அனுப்புவது. மூன்று, முக்கியமான படங்களை இரண்டு இடத்தில் வைப்பது. மூன்றாவதை நாங்கள் செய்திருந்தால் அந்த மகன் வெறுங்கையோடு திரும்பிப் போயிருக்க மாட்டார்.

இன்னொன்றும் இருக்கிறது. எடிட்டிங் பழகுகிற பிள்ளையின் கையில் மற்றவர்களுடைய முகங்கள் இருக்கும். ஒருவருடைய படத்தை அவரைக் கேட்காமல் எடுத்து விளையாடக் கூடாது என்பதை லேயரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னரே சொல்லி வையுங்கள். அதை கொமியூனிகேஷன்காரர் சொல்லித் தர மாட்டார். உம்மா வாப்பாவும் நாங்களும்தான் சொல்ல வேண்டும்.

அந்த வாப்பாவிடம் மகனை லெப்டொப்போடு பாடசாலைக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறோம். ஜிம்பை அதன் சொந்த இணையத்தளத்தில் இருந்து எடுத்து பென் ட்ரைவில் வைத்திருக்கிறோம். உங்கள் பிள்ளைகளையும் அனுப்புங்கள். போட்டுத் தருகிறோம், முதல் பாடத்தையும் சொல்லித் தருகிறோம். ஆயிரம் ரூபா வேண்டாம்.