டெலீட் பண்ணியாச்சா?

போன மாதம் என் பழைய காமிராவை அக்கா பையனுக்குத் தாரை வார்த்தேன். மெமரி கார்டில் இருந்த அத்தனை படத்தையும் டெலீட் பண்ணிவிட்டுத்தான்.

மறுநாள் பயல் வந்தான். ஏதோ சாஃப்ட்வேர் போட்டுத் தோண்டியிருக்கிறான். "மாமா, இந்த போட்டோவுல உங்க பக்கத்துல நிக்கற ரெட்டை ஜடை யாரு?"

காபி கொண்டுவந்த மனைவி அங்கேயே நின்றுவிட்டாள்.

நான் பி.காம். தெரிந்த பாஷையில் சொல்கிறேன். டெலீட் என்பது லெட்ஜரைக் கிழிப்பதல்ல. இண்டெக்ஸில் ஒரு வரியை அடிப்பது. மேலே வேறு கணக்கு எழுதும்வரை பழைய கணக்கு உள்ளேயே கிடக்கும்.

கார்டுக்குள் இருப்பது சிலிக்கான் சில்லு. அதில் கோடிக்கணக்கான குட்டி அறைகள். எலெக்ட்ரான்களை உள்ளே தள்ளிப் பூட்டிவிடுகிறார்கள். கரண்ட் இல்லாமலே வருஷக்கணக்கில் கிடக்கும். தோஷிபாவில் இருந்த ஃபுஜியோ மசுவோகா 1984-ல் அறிவித்த வித்தை. ஒரு பகுதி முழுக்க ஒரே போடில் அழிவது காமிரா வெளிச்சம் மாதிரி இருக்கிறதே என்று கூட வேலை பார்த்தவர் வைத்த பெயர்தான் 'ஃபிளாஷ்'.

'மைக்ரோ' கார்டின் எடை சுமார் கால் கிராம். உருக்கினால் தேறுவது துளித் தங்கம். அதைவிட அடுத்தவருக்குக் கொடுப்பதே உத்தமம். ஆனால் கொடுக்குமுன் கம்ப்யூட்டரில் செருகி, 'க்விக்' என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள் சார். உடைந்த கார்டா? குப்பைத்தொட்டி வேண்டாம், மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள்.

தோண்டியதில் இன்னொன்றும் வந்தது. ஈஸிசேரில் அப்பா, வாய்விட்டுச் சிரித்தபடி. அவர் போய் ஆறு வருஷம். இடம் போதவில்லை என்று நானேதான் அழித்திருக்கிறேன். மனைவி அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டிவிட்டாள்.

ரெட்டை ஜடை விசாரணை? அப்பா படத்துக்குக் கீழேதான் தினமும் நடக்கிறது.